கடைமடைக்கு வரவேண்டிய ஓடை

வடக்கிலிருந்து நேர்தெற்காக இறங்கி வரும் சோழநாட்டுக் கடற்கரை, ஓரிடத்தில் திடுமென மடங்கி மேற்கு நோக்கித் திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக்கு நீரிணை. இரண்டும் கூடும் அம்மூலையில் நிற்கிறது கோடியக்கரை. கோடி என்றால் முனை, இறுதி. பெயரிட்ட முன்னோர் பொய்யாகப் பெயரிடவில்லை. அவ்வூர் நிலத்துக்கும் கோடி. காவிரிப் பாய்ச்சலுக்கும் கோடி. மேட்டூரில் திறந்து கல்லணையில் பிரிந்த நீர், ஆறாகி, வாய்க்காலாகி, கன்னி வாய்க்காலாகிப் பல்லாயிரம் வயல்களை நனைத்தபின், வேதாரணியம் என்று பெயர் மாற்றப்பட்ட திருமறைக்காட்டின் கடைமடைக்கு வந்து சேரும்போது எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை அப்பகுதி உழவரைக் கேட்டே அறிதல் வேண்டும். மேல்மடையார் மனம் வைத்தால் தண்ணீர். இல்லையேல் வானம் பார்த்திருத்தல்.

தண்ணீருக்கு நேர்ந்த இந்நிலையே இன்று செய்திக்கும் நேர்ந்திருக்கிறது.

கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம் அக்தோபர் தொடங்கி மார்ச்சு வரை நீளும். அத்திங்கள்களில் பிற கடற்கரையூர்களிலிருந்தும் மீனவர் வந்து, மணலில் குடிலிட்டுத் தங்கித் தொழில் செய்வர். வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதும், வங்கக் கடலில் புயல்கள் பிறப்பதும் அதே திங்கள்களில்தாம். ஆகவே, விடியுமுன் படகு தள்ளும் ஒருவர்க்குக் காற்று எத்திசை, அலை எவ்வுயரம், தாழ்வழுத்தம் எங்கே என்பன பொழுதுபோக்குச் செய்திகள் அல்ல, உயிர்ச் செய்திகள். அச்செய்தி அவரிடம் எவ்வழியாக வருகிறது? பெரும்பாலும் கைப்பேசியில், ‘புலனம்’ எனப்படும் வாட்சப்பில் வருகிறது. எவரோ எவர்க்கோ அனுப்பியதை வேறெவரோ எடுத்து வேறெவர்க்கோ அனுப்பியது அது. அதில் நாள் இராது, பொழுது இராது, சொன்னவர் இன்னார் என்பதும் இராது. முன்னை ஆண்டுப் புயலின் படம் இவ்வாண்டுப் புயலாக உலவுவதையும், நீக்கப்பட்ட எச்சரிக்கை மறுநாளும் சுற்றிக்கொண்டிருப்பதையும் கடற்கரை மக்கள் ஆண்டுதோறும் பார்த்து வருகின்றனர். பொய்யென ஒதுக்கினால் மெய்யும் சேர்ந்து ஒதுங்கிவிடும். மெய்யென நம்பினால் பத்து நாள் தொழில் கெடும். இரண்டுக்கும் நடுவே நிற்கிறான் மீனவன்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் அதனைக் கையாண்டனர். தமிழிலேயே பெயரும் இட்டனர். அதுதான் செய்தியோடை, சுருங்கச் சொன்னால் ஓடை.

ஓடை என்பது யாது? ஒருவர் தம் இணையத்தளத்தில் புதிதாக ஒன்றை எழுதுந்தோறும், அத்தளமே தலைப்பு, சுருக்கம், எழுதிய நாள், பொழுது, முழுக்கட்டுரையின் முகவரி ஆகியவற்றைக் கொண்ட பட்டியல் ஒன்றை எந்திரம் படிக்கத்தக்க வடிவில் புதுப்பித்து வைக்கும். படிப்பவரின் கணினியிலோ கைப்பேசியிலோ இருக்கும் ஓடைப்படிப்பான், அப்பட்டியலைக் குறித்த இடைவெளியில் சென்று பார்த்து, புதியன இருப்பின் அவற்றை மட்டும் கொண்டுவந்து காட்டும். ஐம்பது தளங்களைத் தொடர்பவர் ஐம்பது கதவுகளையும் நாள்தோறும் தட்ட வேண்டுவதில்லை. கணக்குத் தொடங்க வேண்டா; பெயரும் அகவையும் சொல்ல வேண்டா. வேண்டாமெனில் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் உறவு முடிந்தது. தாம் தொடரும் ஓடைகள் அனைத்தின் பட்டியலையும் ஒரே கோப்பாக எடுத்து நண்பர்க்குக் கொடுக்கலாம். அவர் அதனைத் தம் படிப்பானில் இட்ட அளவில், இவர் படிப்பதெல்லாம் அவர்க்கும் வரும். ஓர் ஊர் மன்றத்தின் படிப்பகத்தில் இதழ்களை அடுக்கி வைத்து ‘இவற்றைப் படியுங்கள்’ என்பதற்கு இஃது ஒப்பாகும்.

இவ்வடிவம் 1999ஆம் ஆண்டில் நெட்சுகேப்பு நிறுவனத்தில் பிறந்து, 2002இல் இன்று வழங்கும் இரண்டாம் பதிப்பை எய்தியது. ‘மெய்யாகவே எளிய பரப்பீடு’ என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எசு.எசு. என்பர். பெயரைக் கேட்டவுடன் தோழர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. அவ்வெழுத்துகளைத் தாங்கிய வேறோர் அமைப்புக்கும் இதற்கும் எள்முனை உறவும் இல்லை.

ஆங்கிலத்தார் இதற்கிட்ட பொதுப்பெயர் ‘பீடு’ என்பது. தமிழில் பீடு என்றால் பெருமை. ஆங்கிலத்திலோ தீனி, ஊட்டு என்று பொருள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தொட்டியில் கொட்டுவது எதுவோ, அதன் பெயரையே அவர்கள் செய்திக்கும் இட்டனர். தமிழ்க் கணிஞர் அச்சொல்லை அப்படியே பெயர்த்துத் ‘தீனி’ என்று வைத்திருப்பின் யார் தடுத்திருப்பார்? அவர்கள் அவ்வாறு செய்யவில்லை, ஓடை என்றனர். தீனி பிறர் வைப்பது. வைத்ததைத் தின்ன வேண்டும். ஓடையோ தானே ஓடுவது. வேண்டியவன் வேண்டிய துறையில் இறங்கி, வேண்டிய அளவு முகந்து கொள்ளலாம். ஒரு சொல்லாக்கத்திலேயே அக்கருவியின் இயல்பை எவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கின்றனர்!

இச்சொற்களைப் படைத்தவர் தமிழ்ப்பேராசிரியர் அல்லர் என்பதையும் நாணத்தோடு சொல்லத்தான் வேண்டும். ஒருங்குறி, உலாவி, வலைப்பதிவு, பின்னூட்டம், திரட்டி, ஓடை என்பனவற்றுள் பெரும்பாலானவை, பகலில் அயல்நாட்டு நிறுவனங்களில் கணினிப்பணி செய்துவிட்டு இரவில் தமிழ் எழுதிய இளைஞர் தம்முள் கலந்து பேசி வழக்கில் நிறுத்தியவை. அவர்க்கு வேறோர் இடரும் இருந்தது. தொடக்கத்தில் இணையத்தில் ஒவ்வொரு தமிழ்த்தளமும் ஒவ்வோர் எழுத்துருவில் இயங்கியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாகத் தமிழக அரசு தாம், தாப் என்னும் குறியேற்றங்களைத் தரமாக்கியது. வெளிநாட்டுத் தமிழர் பலர் திசுக்கி என்னும் வேறொன்றைக் கையாண்டனர். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் நண்டுக் கிறுக்கலாகத் தெரியும். குறியேற்றம் ஒன்றாகாத வரை ஓடைகளை ஒருங்கு சேர்ப்பது யாங்ஙனம்? வாய்க்கால்தோறும் மட்டம் வேறுவேறாக இருப்பின் ஏரிக்கு நீர் வந்து சேருமா? ஒருங்குறி வந்த பின்னரே மட்டம் ஒன்றாயிற்று. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

மட்டம் ஒன்றானதும் ஏரி நிறைந்தது. 2004ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் என்பார் தொடங்கிய ‘தமிழ்மணம்’ அவ்வேரிகளுள் முதன்மையானது. தமிழில் வலைப்பதிவு எழுதுவோர் தம் முகவரியைப் பதிந்து கொண்டால், அவர் புதிதாக எழுதுந்தோறும் அவரது ஓடைவழியாகத் தலைப்பும் முன்வரிகளும் தமிழ்மணத்தின் முகப்பில் வந்து நிற்கும். கோவையிலிருந்து எழுதுபவரும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவரும், சிங்கையிலும் கோலாலம்பூரிலும் தொரண்டோவிலும் இருந்து எழுதுபவரும் ஒரே முற்றத்தில் அடுத்தடுத்து அமர்ந்தனர். அம்முற்றத்தில் முன்னே நிற்பவர் பெரியவர் என்பதில்லை. இப்பொழுது எழுதியவர் முன்னே நிற்பார், அவ்வளவே. தேன்கூடு, தமிழ்வெளி, திரட்டி எனப் பின்னும் பல எழுந்தன. அச்சிதழ் ஏதும் இடந்தராத எத்தனையோ பேர் எழுத்தாளராயினர். ஈழத்துச் சொல்லைத் தமிழகத்தார் அறிந்தனர். தமிழகத்துச் சொல்லை ஈழத்தார் அறிந்தனர். தமிழ்நிலங்களுக்கிடையே கடலும் காவலும் எல்லையும் இருந்தும், எழுத்துக்கு எல்லை இல்லாதிருந்த காலம் அது.

பின்னர் என்ன ஆயிற்று? ஏரியை எதிரி உடைக்கவில்லை. ஊரார் வேறு துறைக்குப் போய்விட்டனர். 2005இல் கூகுள் நிறுவனம் ஓடைப்படிப்பான் ஒன்றைத் தந்தது. விலையின்றிக் கிடைத்ததால் உலகெங்கும் அதனையே பலர் பற்றினர். சிறிய படிப்பான்கள் பல மங்கின. 2011இல் அதிலிருந்த பகிர்வு ஏந்துகளை அந்நிறுவனம் நீக்கியது. 2013 சூலை முதல்நாள் முழுவதுமே மூடிவிட்டது. ஒரே கடையை நம்பிய தெரு, கடை மூடியதும் இருண்டது. அதற்குள் முகநூல் பெருகியிருந்தது. எழுதுவோர் தம் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு முகநூலின் திண்ணைக்குக் குடிபோயினர். திரட்டிகளிடமும் குற்றம் இல்லாமலில்லை. வாக்குப் போட்டியும், குழுச் சண்டையும், சாதிப் பூசலும் முற்றத்தை மாசுபடுத்தின. பொருள்வரவு இன்றி ஓரிருவர் தோளில் நின்ற அமைப்புகள் தளர்ந்தன. தமிழ்மணமும் ஆண்டுகள் பல உழைத்தபின் ஓய்ந்தது.

முகநூலும் தன் முகப்பில் ஓடுவதற்குப் ‘பீடு’ என்றே பெயர் வைத்திருக்கிறது. அங்குதான் அச்சொல் தன் முதற்பொருளை மெய்ப்பித்தது. ஓடையில் எது வரவேண்டும் என்பதைப் படிப்பவன் முடிவு செய்கிறான். முகநூலில் அதனை நிறுவனத்தின் எந்திரக் கணக்கு முடிவு செய்கிறது. ஆயிரம் பேர் விரும்பித் தொடரும் பக்கத்தில் எழுதியதையும் ஆயிரம் பேர்க்கும் அது காட்டுவதில்லை. பணம் கட்டினால் கூடுதலாகக் காட்டும். காவிரி நாட்டில் மதகு திறப்பவன் ஊர்க்கு விடை சொல்ல வேண்டியவன். நீர்க்கட்டி முறை தவறினால் ஊர் கூடி ஏனென்று கேட்கும். இந்த மதகுக்காரனை எந்த ஊர் கேட்பது? அவன் மதகு எங்கிருக்கிறது என்பதே எவர்க்கும் தெரியாது. சினம் ஊட்டும் சொல்லுக்கு நீர் பாய்கிறது; அமைதியாய் ஆராய்ந்து எழுதியதற்குக் கடைமடை நிலைதான். தமிழில் எழுதப்படும் நல்லன பல, படிப்பாரின்றி அல்ல, காட்டுவாரின்றிக் காய்கின்றன.

திருமறைக்காட்டுக் கோயிலைப் பற்றிய தொன்மம் ஒன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. மறைகள் வழிபட்டு அடைத்துச் சென்ற தலைவாயிற் கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது என்றும், மக்கள் பக்கத்து வழியாகவே நுழைந்து வந்தனர் என்றும், நாவுக்கரசர் தமிழ் பாடிக் கதவைத் திறந்தார் என்றும் கூறுவர். தொன்மம் தொன்மமாகவே இருக்க. ஆயினும், அடைத்த கதவுக்கு முன்னே பக்கவழியைப் பழக்கமாக்கிக் கொண்ட மக்களின் நிலை இன்றும் காணக்கூடியதே. ஓடை என்னும் தலைவாயில் இன்றும் மூடப்படவில்லை என்பதுதான் வேறுபாடு. வேர்டுபிரசிலோ பிளாகரிலோ எழுதப்படும் ஒவ்வொரு தளத்துக்கும் எழுதுபவர் அறியாமலேயே ஓடை பிறந்து கொண்டிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மை மாற்றங்களுக்கு ஓடை உண்டு. வலையொளி எனப்படும் யூடியூப்பின் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஓடை உண்டு. அந்நிறுவனம் அதனை விளம்பரப்படுத்துவதில்லை. இன்று இளைஞர் விரும்பிக் கேட்கும் வலையொலிகள் பரவுவதெல்லாம் இவ்வோடை வடிவத்தின் மீதுதான். கதவு திறந்திருக்கிறது, நுழைவார் குறைவு.

ஓடையும் திரட்டியும் படித்தவர்க்கான பொழுதுபோக்கு, கடற்கரை மக்களுக்கு அவற்றால் ஆவதென்ன என்று கேட்போர் உளர். அவர்க்கு விடை கோடியக்கரைக்கு வடக்கே, அதே கடற்கரையில், புதுவையில் இருக்கிறது.

1998இல் எம்.எசு. சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைச் சிற்றூர்களில் ஊர் அறிவு நடுவங்களை அமைத்தது. வில்லியனூரில் தலைமை நடுவம். அங்குள்ளோர் பல இடங்களிலிருந்து செய்திகளைத் திரட்டுவர், தமிழாக்குவர், ஒவ்வோர் ஊர்க்கும் வேண்டியதைப் பிரித்து அனுப்புவர். ஊரிலிருந்த தொண்டர்கள், அவருள் பெண்களே மிகுதி, அதனை ஊரார்க்குச் சொல்வர். வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வங்கக் கடலின் அலையுயர முன்கணிப்பு நாள்தோறும் வெளியாகும். அதனை இறக்கி, தமிழில் எழுதி, வீராம்பட்டினத்தின் ஒலிபெருக்கியில் உரக்கப் படித்தனர். மீனவர் கரையிலிருந்தே கேட்டுவிட்டுப் படகு தள்ளினர். அமெரிக்கக் கப்பலுக்காகக் கணித்தது தமிழ்ப் பரதவனின் கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. ஊற்று, திரட்டி, மொழியாக்கம், கடைமடை என நான்கும் அங்கே இருந்தன. மென்பொருள் செய்ய வேண்டியதை அங்கே மாந்தரே செய்தனர்; அதனால் அது ஓடை அன்று எனலாமா?

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. புதுவையை அடுத்த நல்லவாடு என்னும் ஊரில் அத்தகைய அறிவு நடுவமும் ஒலிபெருக்கியும் இருந்தன. சிங்கையில் பணிபுரிந்த அவ்வூரார் ஒருவர் பேரலைச் செய்தியை அறிந்து, ஊர்க்குத் தொலைபேசியில் சொன்னார். செய்தி கேட்டவர்கள் நடுவத்துக்கு ஓடிக் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பினர். ஊரார் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர். அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலை தமிழகக் கரையை வந்தடைவதற்குச் சுமத்திராவில் நிலம் நடுங்கி இரண்டு மணிப்பொழுதுக்கு மேல் ஆகியிருந்தது. அவ்விரண்டு மணிப்பொழுதும் உலகில் எங்கோ செய்தி இருந்தது. கரையில் இல்லை. நல்லவாட்டுக்கும் நாகைக்கும் இடையே இருந்த வேறுபாடு கடலின் வேறுபாடு அன்று. ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும் தமிழில் பேசிய ஒரு குரலும்தாம்.

அதன்பின் நிலை மாறவில்லை என்பது நேர்மையாகாது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன், ‘கசா’ புயல் நாகைக்கும் திருமறைக்காட்டுக்கும் இடையே கரையேறியது; காற்று மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர் விரைவில் வீசியது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன, மாந்தோப்புகள் அழிந்தன, கோடியக்கரைக் காடும் அகத்தியம்பள்ளி உப்பளங்களும் சிதைந்தன. ஆயினும் வானிலைத் துறை நாட்கள் சிலவற்றுக்கு முன்னரே எச்சரித்திருந்ததால், பல்லாயிரம் மக்கள் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எச்சரிக்கை உரிய பொழுதில் வந்தால் உயிர் காக்கும் என்பதற்குச் சான்று அது. மறுநாள் கைப்பேசிக் கோபுரங்களும் மின்கம்பங்களும் வீழ்ந்தபின் எந்த ஓடையும் ஓடவில்லை என்பதும் மெய்யே. புயலுக்கு முந்திய நாட்களில்தான் ஓடைக்கு வேலை. அந்நாட்களில் அது வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

பேரிடர் எச்சரிக்கைக்கென்றே உலகத்தார் ஒருமித்து ஏற்ற ஓர் ஓடைவடிவம் இருக்கிறது. 2004இல் அதன் முதற்பதிப்பு தரமாக்கப்பட்டது. பொது எச்சரிக்கை வடிவம் என்று அதனைச் சொல்லலாம். எச்சரிப்பவர் யார், எப்பொழுது எச்சரித்தார், எப்பகுதிக்கு, எவ்வளவு கடுமை, எப்பொழுது வரை செல்லும் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனியிடம் உண்டு. புது எச்சரிக்கையா, முன்னதன் திருத்தமா, நீக்கமா என்பதற்கும் இடம் உண்டு. புலனத்தில் சுற்றும் நாளற்ற படத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை விளக்க வேண்டுவதில்லை. அதில் மற்றோர் இடமும் உண்டு. தமிழர் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் அதுவே. எச்சரிக்கை எம்மொழியில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் இடம் அது. ஒரே எச்சரிக்கைக்குள் ஆங்கிலத்தில் ஒரு பகுதியும் தமிழில் ஒரு பகுதியும் வைக்கலாம். படிக்கும் கருவி தனக்குரிய மொழியை எடுத்துக் கொள்ளும். வடிவம் அமைத்த அயலார் தமிழுக்கு இடம் வைத்தே அமைத்திருக்கின்றனர்.

இந்தியாவில் நடுவணரசின் பேரிடர் மேலாண்மை ஆணையம் இவ்வடிவத்தில் எச்சரிக்கை ஓடை நடத்துகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சச்சேத்து’. விழிப்பாயிரு என்னும் கருத்துடைய இந்திச் சொல் அது. விழிப்பாயிரு என்று சொல்ல வந்தவர், எவர்க்குச் சொல்கிறார் என்பதைப் பெயர் வைக்கும்போதே மறந்துவிட்டார்! கோடியக்கரையில் குடிலில் படுத்திருக்கும் மீனவன் அச்சொல்லைக் கேட்டால் விழிப்பானா, ஏதோ பொட்டலப் பொருளின் பெயரென்று புரண்டு படுப்பானா? அவ்வமைப்பின்வழி மாநில மொழிகளிலும் குறுஞ்செய்திகள் அனுப்பப்படுகின்றன என்பதை மறைப்பது அறமன்று; தமிழிலும் வருகின்றன. குறை வேறு. இப்படி ஓர் ஓடை இருக்கிறது, அதனை எவரும் எடுத்துப் பரப்பலாம் என்பதைக் கடற்கரை ஊராட்சிக்கும் பள்ளிக்கும் மீனவர் மன்றத்துக்கும் சொல்வார் இல்லை. மேலும், தமிழக அரசின் துறைகள் பலவற்றின் தமிழ் அறிவிப்புகள் அச்சுத்தாளின் படங்களாகவே தளங்களில் ஏற்றப்படுகின்றன. எழுத்தாக இல்லாது படமாக இருப்பதை ஓடை ஏந்தாது, தேடுபொறி காணாது, பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் கருவியும் படிக்காது. ஒருங்குறியைத் தரமென்று அரசு ஆணையிட்டு ஆண்டுகள் பதினைந்து ஆயின. ஆணை தாளில் இருக்கிறது. தாள் படமாய் இருக்கிறது.

கரையிலிருந்து நெடுந்தொலைவு சென்றவர்க்குக் கைப்பேசி எட்டாது என்பதையும் சொல்லவேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ‘ஒக்கி’ புயலின்போது குமரிக் கடலில் அதுவே நேர்ந்தது. முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தவர்க்கு எச்சரிக்கை எட்டாமல், திரும்பாதவர் பலர். அதன்பின் 2019இல் ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் செய்தி நடுவம் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் ‘செமினி’ என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. நல்லதே. ஆயின் கருவி எதுவாயினும், அதற்குள் வந்து விழும் சொல் எம்மொழிச் சொல் என்னும் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டுவன தெளிவானவை. தமிழகக் கடற்கரைக்குரிய ஒவ்வோர் எச்சரிக்கையும் ஓடையிலேயே தமிழ்ப் பகுதியோடு வெளிவர வேண்டும். ஆங்கிலத்துக்குப் பிந்தி அன்று, உடன். அதற்குத் தமிழ்ப்பெயர் வேண்டும். துறைகளின் அறிவிப்புகள் எழுத்தாக, ஒருங்குறியில், ஓடையோடு வெளிவர வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் போதும்.

அரசு செய்யும் வரை தமிழர் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. தமிழ் மன்றங்களும் சிற்றிதழ்களும் தமக்கென ஒரு தளம் வைத்து அதிலேயே முதலில் எழுதுக. முகநூலில் இடுவது அதன் நிழலாக இருக்கட்டும். தளத்தின் முகப்பில் ‘ஓடை’ என்னும் சொல்லைப் பொறித்து முகவரியைத் தெரியக் காட்டுக. பிறர் எழுதியதை ஓடைவழி எடுத்துப் பகிர்வோர், எழுதியவர் பெயரையும் முகவரியையும் வெட்டி எறிந்துவிட்டுத் தம் எழுத்துப்போல் வெளியிடும் இழிசெயலை விடுக. அது பகிர்வு அன்று, திருட்டு. படிப்போர்க்கு வேண்டியது ஓர் ஓடைப்படிப்பான் மட்டுமே. கணினியில் அஞ்சல் படிக்கும் தண்டர்பேர்டு என்னும் கட்டற்ற மென்பொருளே ஓடையும் படிக்கும். கைப்பேசிக்கும் விலையின்றிக் கிடைப்பன பல. தளத்தின் முகவரியை அதில் இட்டால் பெரும்பாலும் ஓடையைத் தானே கண்டுகொள்ளும். பத்துத் தளங்களோடு தொடங்குவது நன்று. நூறு தளங்களைச் சேர்த்துவிட்டு, படிக்காமல் குவிந்ததைப் பார்த்து அஞ்சி ஓடியவர் பலர்.

கோடியக்கரைக்கோ இதனினும் எளிய ஒன்று போதும். மீன் இறங்கும் கரையருகே ஓர் ஒலிபெருக்கி, மின்சாரம் அற்றாலும் இயங்க ஒரு கதிரொளித் தகடு, எச்சரிக்கை ஓடையைத் தொடரும் ஒரு கைப்பேசி, ஓடையில் வந்ததை நாளும் பொழுதும் சொன்ன துறையின் பெயரும் சேர்த்து மாலையிலும் விடியலுக்கு முன்னும் நல்ல தமிழில் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ. பள்ளியிறுதி படித்த பிள்ளைகள் அவ்வூரில் உளர். பக்கத்துக் கோடியக்காட்டிலும் உளர். ஐப்பசியில் குடில்கள் எழும்புமுன் அவ்வொலிபெருக்கியைக் கட்டிவிட வேண்டும்.